பாதி வேலையைக் காட்டுங்கள் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி வருகின்றன. வருமானம் குறைந்துவிட்டது, ஆளும் குறைந்துவிட்டது, குழுவில் ஆளுக்கு ஒரு மூலையில் இருக்கிறோம், இந்த நிலையில் புதிதாக ஒரு பொருளை எப்படி உருவாக்குவது? கையடக்கக் கருவிகளும் அவற்றுக்கான செயலிகளும் செய்யும் குழு ஒன்றைப் பல ஆண்டுகளாகத் தொலைவிலிருந்தே நடத்தி வருகிறேன். என் வேலையில் கண்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

மேடம், எங்களுடைய பெரிய வாடிக்கையாளர்கள் இருவர் விலகிவிட்டார்கள். "புதிதாக ஏதாவது கொண்டுவந்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும்" என்கிறார் நிறுவனர். இருக்கிற பொருளைப் பராமரிக்க வீடியோ கால் போதும். ஆனால் புதிய யோசனை வீடியோ காலில் பிறக்குமா? எல்லாரும் ஓரிடத்தில் கூடும் வரை காத்திருக்கலாமா?
– குழுத் தலைவர் ஒருவர்

காத்திருக்க வேண்டாம். கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும்போது காத்திருப்பதற்கும் செலவாகும்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் உண்மை இருக்கிறது. மெலனி ப்ரக்ஸ், ஜோனதன் லெவாவ் என்ற இரு ஆய்வாளர்கள் 2022-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒரு சாதாரணப் பொருளுக்குப் புதுப்புதுப் பயன்களை யோசிக்கச் சொன்னார்கள். சில ஜோடிகள் ஒரே அறையில், சில ஜோடிகள் தனித்தனி அறைகளில் வீடியோ வழியாக. வீடியோவில் பேசியவர்களுக்குக் குறைவான யோசனைகளே வந்தன. ஐந்து நாடுகளில் உள்ள ஒரு நிறுவனத்தின் பொறியாளர்களிடம் செய்து பார்த்தபோதும் அதே போக்குதான் தெரிந்தது. அவர்கள் சொல்லும் காரணம் இது: ஒரே அறையில் இருப்பவர்களின் கண் அறை முழுக்க அலைகிறது, யோசனையும் கூடவே அலைகிறது. வீடியோவில் கண் திரையை விட்டு நகர்வதில்லை, யோசனையும் அதற்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. வந்த யோசனைகளில் எது நல்லது என்று தேர்ந்தெடுக்கும் வேலையில் வீடியோ ஜோடிகள் பின்தங்கவில்லை.

உங்களுக்கான வழி இதிலேயே இருக்கிறது. யோசிப்பதை வீடியோ காலில் வைக்காதீர்கள், தேர்ந்தெடுப்பதை வீடியோ காலில் வையுங்கள். எல்லாரையும் உட்காரவைத்து "யோசனை சொல்லுங்கள்" என்று கேட்பது நேரிலேயே அவ்வளவு நல்ல வழி அல்ல. மிகைல் டீல், வுல்ஃப்காங் ஸ்ட்ரோபே இருவரும் 1987-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பில்தான் யோசனைகள் தொலைகின்றன. அதே எண்ணிக்கையில் ஆட்கள் தனித்தனியாக யோசித்து, பிறகு சேர்த்து எண்ணினால் அதிகம் கிடைத்தது. தொலைவில் இருப்பவர்களுக்குத் தனியாக யோசிப்பது இயல்பாகவே அமைந்த விஷயம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் வாரத் தொடக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் போகும். "அடுத்து என்ன செய்யலாம்?" என்பது போன்ற கேள்வி இல்லை. அந்தக் கேள்விக்கு யாருக்கும் பதில் வராது. "நம் கருவியை வாங்கியவர்கள் மூன்றாவது மாதத்தில் அதை மேசை டிராயருக்குள் போட்டுவிடுகிறார்களே, ஏன்?" என்பது போன்ற, கையில் பிடிக்கக்கூடிய கேள்வி. இரண்டு நாள் அவகாசம். எழுதலாம், காகிதத்தில் வரைந்து ஃபோனில் படம் எடுத்து அனுப்பலாம், குரல் பதிவாகவும் அனுப்பலாம். பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்க்கிறோம். அப்புறம்தான் வீடியோ கால். அதிலும் முதல் கால் மணி நேரம் யாரும் பேசுவதில்லை, எல்லாரும் மைக்கை அணைத்துவிட்டுப் படிக்கிறோம். அமேசானில் 2004 முதல் மேல்மட்டக் கூட்டங்களில் திரையில் ஸ்லைடு ஓட்டுவதை நிறுத்திவிட்டு, எழுதிய குறிப்பை எல்லாரும் உட்கார்ந்து மௌனமாகப் படித்த பிறகே பேச ஆரம்பிக்கிறார்கள். தொலைவுக் குழுவுக்கு இந்தப் பழக்கம் இன்னும் நன்றாகப் பொருந்தும். மெதுவாகப் படிப்பவரும் வேகமாகப் பேசுபவரும் அங்கே ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

மீட்டிங்கில் "எல்லாருக்கும் ஓகேயா?" என்று கேட்டால், "ஓகே" என்று பதில் வருகிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு முதலிலேயே சந்தேகம் இருந்ததாம், சொல்லவில்லை. எப்படிப் பேசவைப்பது?
– மென்பொருள் குழுவை நடத்தும் வாசகர்

வந்த கடிதங்களிலேயே முக்கியமானதாக இதைத்தான் நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரையில் எதையோ பார்த்து முகம் சுளிப்பது உங்களுக்குத் தெரியும். "என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். "ஒன்றுமில்லை, இது சரியாக வருமா என்று தெரியவில்லை" என்பார். புதிய பொருள்களில் பாதிக் குறைகள் அந்த "ஒன்றுமில்லை"யில்தான் அகப்படுகின்றன. தொலைவில் அந்த முகச்சுளிப்பு யாருக்கும் தெரிவதில்லை. முடிந்த வேலை மட்டும்தான் அனுப்பப்படுகிறது. கெட்ட காலம் வேறு சேர்ந்துகொண்டால், அரைகுறையாக எதையாவது காட்டினால் வேலை போய்விடுமோ என்ற பயமும் வந்துவிடுகிறது. எல்லாரும் தங்கள் வேலையை முடித்து, மெருகேற்றி, பத்தாம் நாள் கொண்டுவருகிறார்கள். அப்போது திருத்தினால் மனக்கசப்பு, திருத்தாமல் விட்டால் பொருள் கெடுகிறது.

ஆகவே பேசவைக்க முயல்வதைவிட, பாதியில் இருக்கும் வேலையைக் காட்ட ஓர் இடம் அமைத்துக்கொடுங்கள். எங்களிடம் அதற்கென்றே ஒரு சாட் குழு இருக்கிறது. முடிந்த எதையும் அதில் போடக் கூடாது. உடைந்த திரை, ஓடாத நிரல், பசை காயாத மாதிரிப் பெட்டி, "இது ஏன் இப்படிச் செய்கிறது?" என்ற வீடியோ, இவைதான். போட்ட முதல் நாள் முழுக்க அதற்கு யாரும் நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். தலைவர் தன்னுடைய அரைகுறை வேலையை வாரம் ஒன்றாவது அதில் போட வேண்டும். இந்தக் கடைசி விதி இல்லாமல் மற்றவை எதுவும் நடக்காது.

ஒரு சம்பவம். எங்கள் கருவி ஒன்றின் பெட்டி வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்தோம். குழுவில் இளையவரான பொறியாளர் ஒரு சின்ன வீடியோ போட்டார். அவர் கையும் கருவியும் மட்டும் தெரிகிறது. சார்ஜரைச் செருகுகிறார். விளக்கு எரிகிறது. கருவியை மேசையில் வைத்ததும் விளக்கு அணைகிறது. மறுபடி அழுத்துகிறார், எரிகிறது. "இது எனக்கு மட்டும்தானா?" என்று ஒரே வரி. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் சக ஊழியர் அதைப் பார்த்துவிட்டு, "'ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டேன், காலையில் பேட்டரி இல்லை' என்று பழைய கருவிக்கு வரும் புகார் இதுதானோ?" என்று கேட்டார். பெட்டியை வரைந்தவர் அளந்து பார்த்தார். கனெக்டர் பெட்டியின் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருந்தது. நாங்கள் கொடுக்கும் கேபிளில் அது தெரியவில்லை. தலைப்பகுதியில் தடித்த பிளாஸ்டிக் உள்ள வேறு கேபிள்கள் அந்த விளிம்பில் முட்டிக்கொண்டு முழுதாக உள்ளே போகவில்லை. சோதனைப் பட்டியலில் எல்லாம் 'சரி' என்று இருந்தது, ஏனென்றால் சோதித்தவர்கள் எல்லாரும் எங்கள் கேபிளை வைத்தே சோதித்தார்கள். அச்சு வார்ப்பதற்கு முன்பே அந்த விளிம்பைச் சரிவாகச் சீவிவிட்டோம். அந்த இளைய பொறியாளர் வீடியோவை அனுப்பாமல், கேபிளை மாற்றிக்கொண்டு தன் வேலையைப் பார்த்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சாட் குழுவில் வாடிக்கையாளர் பிரிவு ஆளும் இருந்ததை கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் 2020 முதல் அரையாண்டுத் தகவல்தொடர்பை ஆராய்ந்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் சொந்தக் குழுவுக்குள் உறவு இறுகியது, குழுக்களுக்கு இடையிலான பாலங்கள் குறைந்தன. புதிய பொருளுக்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் அந்தப் பாலங்கள் வழியாகத்தான் வரும். அதனால் வேறு பிரிவு ஆட்களை அழைத்து உள்ளே வையுங்கள், தானாக வருவார்கள் என்று இருக்காதீர்கள்.

சரி, "ஓகேயா?" என்ற கேள்விக்கு வருவோம். அதை விட்டுவிடுங்கள். உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் ஒரு முறையை எழுதினார், நாங்கள் அதை அப்படியே பின்பற்றுகிறோம். "ஆறு மாதம் ஆகிவிட்டது, இந்தப் பொருள் தோற்றுவிட்டது. ஏன் தோற்றது? மூன்று நிமிடம், எல்லாரும் எழுதுங்கள்." தோல்வி ஏற்கெனவே நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், சந்தேகப்படுவது துரோகம் போலத் தெரிவதில்லை. "ஓகே" என்று மட்டும் சொல்பவர்கள் அப்போது நிறைய எழுதுகிறார்கள்.

முடிவு எடுத்ததும் அதே வீடியோ காலில், எல்லாரும் பார்க்கும்போதே, அதை எழுதுங்கள். எங்களுடையது இப்படி இருக்கும்: "முதல் வெர்ஷனில் ப்ளூடூத் மட்டும். வைஃபை வேண்டாம், பேட்டரி தாங்காது. வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது போதாது என்று ஒருவர் கருதுகிறார், அது தீரவில்லை. முதல் பயனர்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு மறுபடி பேசுவோம்." இவ்வளவுதான். அந்த மூன்றாவது வாக்கியத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீக்கிவிடாதீர்கள். தன் சந்தேகம் எழுத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர், முடிவு தன் விருப்பத்துக்கு மாறாக இருந்தாலும், அதன்படியே வேலை செய்வார்.

நாங்கள் செய்வது கருவி. கையில் இருப்பதோ ஒரே ஒரு மாதிரிக் கருவி. அதுவும் ஒருவர் வீட்டில். மென்பொருள்காரர்கள் தொலைவிலிருந்து சமாளிக்கலாம், நாங்கள் எப்படி?
– மின்னணுப் பொறியாளர்

முதலில் ஒரு பழைய கதை, உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்துவது. 1970 ஏப்ரல் 13 அன்று அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மூன்று வீரர்களும் நிலவில் இறங்குவதற்கான கலத்துக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். அது இரண்டு பேருக்காகச் செய்யப்பட்டது. மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் குடுவைகள் அங்கே போதவில்லை. தாய்க்கலத்தின் குடுவைகள் கைவசம் இருந்தன, ஆனால் அவை சதுரம், பொருத்த வேண்டிய இடம் வட்டம். பூமியில் எட் ஸ்மைலி தலைமையிலான பொறியாளர்கள் ஓர் இணைப்பைச் செய்தார்கள். கலத்தில் என்னென்ன இருக்கிறதோ அவை மட்டும்தான்: பிளாஸ்டிக் பை, கையேட்டின் அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டு டேப். தாங்களே செய்து, சோதித்து, வேலை செய்கிறது என்று உறுதியான பிறகுதான் மேலே சொன்னார்கள். படம் அனுப்ப வழியில்லை. வானொலியில் ஒவ்வொரு படியாக வாசிக்க, மேலே இருந்தவர்கள் அதைக் கேட்டே செய்து முடித்தார்கள். கார்பன் டை ஆக்சைடு அளவு இறங்கியது. ஏப்ரல் 17 அன்று மூவரும் உயிரோடு திரும்பினார்கள்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, இரண்டு முனையிலும் அதே பொருள்கள் இருக்க வேண்டும் என்பதைத்தான். ஒரு மாதிரியை நன்றாகச் செய்வதற்கு ஆகும் செலவில், சுமாரான மாதிரிகள் சிலவற்றைச் செய்து எல்லார் கையிலும் கொடுங்கள். பெட்டி அழகாக இருக்க வேண்டாம். ஆனால் ஒரே சர்க்யூட் போர்டு, ஒரே பேட்டரி, ஒரே திருகு, ஒரே கேபிள். போர்டின் மேல் மார்க்கரால் எண் எழுதுங்கள். திருத்தம் செய்தால் எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்து சேருங்கள்: 4 என்பது 4அ ஆகும். "என்னிடம் வேலை செய்கிறதே" என்ற வாக்குவாதம் வந்தால் முதல் கேள்வி, "உன் போர்டில் என்ன எழுதியிருக்கிறது?" என்பதாக இருக்கட்டும். அந்த எண்ணோடு எந்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றியிருக்கிறது என்பதும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும்.

கேமராவைத் தலைக்கு மேலிருந்து மேசையைப் பார்க்கும்படி வையுங்கள். சால்டரிங் செய்யும்போது முகம் தெரிந்து என்ன பயன், கைதான் தெரிய வேண்டும். படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். "லேசாகச் சூடாகிறது" என்று எழுதாதீர்கள். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடத்தில், எந்தச் சிப்பின் மேல் என்று எழுதுங்கள். அப்போலோ ஆட்கள் வானொலியில் சொன்னது போல, படமே இல்லாமல் உங்கள் குறிப்பை ஒருவர் படித்துச் செய்ய முடியுமா என்று குழுவில் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். எங்கே தடுக்கிறாரோ அங்கே குறிப்பைத் திருத்துங்கள். அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

குழுவில் பலர் ஏழெட்டு மணி நேர வித்தியாசத்தில் இருக்கிறோம். யாரோ ஒருவர் எப்போதும் நடுராத்திரியில் மீட்டிங்குக்கு வருகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர்

அந்த "யாரோ ஒருவர்" எப்போதும் ஒரே ஆளாக இருந்தால் மாற்றுங்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள். வேலை கைமாறும்போது, "முடித்தது இது, இங்கே நிற்கிறது, எனக்குப் புரியாதது இது" என்று கடைசி பத்து நிமிடத்தில் எழுதிவிட்டுப் போங்கள். மீட்டிங்குகளே பாதியாகக் குறைந்துவிடும்.

எங்கள் நிறுவனத்தில் வேலை நேரம் முழுக்கக் கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று புதிய விதி. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. "நெருக்கடியான காலம், எல்லாரும் முழுக் கவனத்தோடு இருக்க வேண்டும்" என்கிறார்கள். இது சரியா?
– வீட்டிலிருந்து வேலை செய்யும் தாய்

சரியல்ல. இதை எழுத எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்த மனிதர் வேலை செய்வது போல இருக்க மெனக்கெடுகிறார். புதியதைச் செய்பவருக்கோ சும்மா ஜன்னலைப் பார்க்கும் நேரமும் வேலை நேரம்தான். மேலே சொன்ன 2022 ஆய்வே, கண் திரையில் கட்டுண்டால் யோசனை சுருங்குகிறது என்றுதான் சொல்கிறது. அதை உங்கள் மேலாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கூடவே மாற்று வழி ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்: தினமும் மாலையில் அன்றைய வேலையின் படமோ சிறு பதிவோ, அது எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு மாதம் சோதித்துப் பார்க்கும்படி கேளுங்கள். வேலை தெரிந்தால் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்காது. குழந்தை அழுதால் போய்ப் பாருங்கள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

பயனர்களை நேரில் போய்ப் பார்க்க எங்களிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. இணையத்தில் கேள்வித்தாள் அனுப்பினால் எல்லாரும் "நன்றாக இருக்கிறது" என்கிறார்கள்.
– செயலி உருவாக்கும் இருவர்

கேள்வித்தாளை விடுங்கள். ஐந்து பேர் போதும். ஐந்து பேரிடம் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்று யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதினார். அந்தச் சதவீதம் எல்லாப் பொருளுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து பேரிடம் பார்த்து, திருத்தி, வேறு ஐந்து பேரிடம் பார்ப்பது, ஐம்பது பேரிடம் ஒரே தடவை பார்ப்பதைவிட மேல் என்பதை என் வேலையில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

ஸ்கிரீன் ஷேர் மட்டும் போதாது. இன்னொரு ஃபோனை எதன் மேலாவது சாய்த்து வைத்து, அவர்களுடைய விரல் தெரியும்படி காட்டச் சொல்லுங்கள். கட்டைவிரல் ஒரு பொத்தானுக்கு மேலே வந்து, அழுத்தாமல் தயங்கி, திரும்பிப் போகும். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். எந்தக் கேள்வித்தாளிலும் அது வராது. ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உதவி செய்ய மனம் துடிக்கும், தெரியும். இருந்தாலும் மைக்கை அணைத்துவிடுங்கள். தடுமாறுபவரிடம், "நீங்கள் தப்பாகச் செய்யவில்லை, நாங்கள்தான் சரியாக அமைக்கவில்லை" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் குழுவில் வேறு யாராவது இருந்தால் அவர்களும் பதிவை முழுசாகப் பார்க்க வேண்டும். சுருக்கம் எழுதிக் கொடுத்தால் அந்தத் தயங்கும் விரல் அதில் காணாமல் போய்விடும்.

போன மாதம் எங்கள் குழுவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அதுவும் ஒரு வீடியோ காலில். மிச்சமிருப்பவர்களை வைத்துக்கொண்டு "உற்சாகமாகப் புதிய பொருள் செய்யுங்கள்" என்கிறார்கள். எனக்கே உற்சாகம் இல்லை. குழுவுக்கு எப்படி ஊட்டுவது? அப்புறம் இன்னொன்று, இந்தப் பொருளும் தேறாவிட்டால் எப்போது கைவிடுவது?
– மேலாளர் ஒருவர்

உற்சாகத்தை ஊட்ட வேண்டாம். போனவர்கள் உங்கள் நண்பர்கள். அந்த இழப்புக்கு ஒரு கூட்டம் வையுங்கள், அதில் வேலை பற்றிப் பேசாதீர்கள். போனவர்களுக்கு வேறு வேலை தேடித்தருவதில் குழு எதைச் செய்ய முடியும் என்று மட்டும் பேசுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுவது, தெரிந்தவர்களிடம் சொல்வது, இதெல்லாம் இருப்பவர்களுக்கும் ஆறுதல்.

அடுத்து, உங்களுக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமானால், சொல்ல அனுமதி வாங்கிச் சொல்லுங்கள். "இனி யாரையும் அனுப்ப மாட்டோம்" என்பது உங்கள் கையில் இல்லாத வாக்குறுதி, அதைத் தராதீர்கள். எட்டு மாதம் என்று தெரிந்தால் மனிதர்கள் எட்டு மாதத்துக்குத் திட்டம் போடுவார்கள். தெரியாவிட்டால் தினமும் பயப்படுவார்கள், பயந்தவர் புதிதாக எதையும் முயல மாட்டார். ஆள் குறைந்த அளவுக்குப் பொருளையும் சிறிதாக்குங்கள். போனவர்களின் வேலையை இருப்பவர்கள் தலையில் கட்டிவிட்டு, மேலே புதிய பொருளையும் ஏற்றினால் இரண்டும் கெடும். எதைச் செய்யப்போவதில்லை என்ற பட்டியல் முதலில் வெளிவரட்டும், உங்கள் பெயரில்.

கைவிடுவது பற்றிக் கேட்டீர்கள். டைனி ஸ்பெக் என்ற சிறிய நிறுவனம் 'க்ளிட்ச்' என்ற இணைய விளையாட்டை உருவாக்கியது. ஆட்கள் வான்கூவர், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று சிதறி இருந்தார்கள். விளையாட்டு 2011-இல் வந்தது, போதிய ஆட்கள் சேரவில்லை. கையில் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கும்போதே, 2012 டிசம்பரில், அதை மூடினார்கள். பெரும்பாலானவர்களை அனுப்ப வேண்டியிருந்தது. மிச்சமிருந்த சிலர் தங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். தொலைவில் இருந்தபடி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள, விளையாட்டு வேலைக்கு நடுவே, கொஞ்சம் கொஞ்சமாகத் தங்களுக்கென்று ஒட்டுப்போட்டு வைத்திருந்த ஒரு செய்திக் கருவி இருந்தது. பழைய செய்திகளைச் சேமிக்கும், தேடினால் கிடைக்கும். யாரும் அதை ஒரு பொருளாக நினைத்துச் செய்யவில்லை. 2014 பிப்ரவரியில் அதுதான், இன்று பல அலுவலகங்கள் பயன்படுத்தும் 'ஸ்லாக்' என்ற பெயரில் எல்லாருக்குமாக வெளிவந்தது.

இது எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. பணம் முழுக்கத் தீர்ந்த பிறகு மூடியிருந்தால் அந்தக் கருவியைத் திரும்பிப் பார்க்க அங்கே ஆளே இருந்திருக்காது. அதனால் உங்கள் புதிய பொருளுக்கு வேலை தொடங்கும் முன்பே ஒரு தேதியையும் ஓர் அடையாளத்தையும் எழுதி வையுங்கள். "இந்தத் தேதிக்குள், சோதனைக்குக் கொடுத்தவர்களில் பாதிப் பேராவது கேட்காமலே இரண்டாவது வாரமும் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் நிறுத்துகிறோம்." எண் உங்கள் பொருளைப் பொறுத்தது. அதைக் குழு முழுக்கச் சேர்ந்து எழுத வேண்டும், நிறுவனரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். தேதி வரும்போது எல்லாருக்கும் "இன்னும் ஒரு மாதம்" என்றுதான் தோன்றும். எழுதியது கையில் இருந்தால் அந்தப் பேச்சை நடத்துவது உங்களுக்குச் சுலபமாக இருக்கும். அந்தத் தேதிக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதச் சம்பளத்துக்குப் பணம் மிச்சமிருக்கும்படி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தினால், குழு வேலைக்கு நடுவே தங்களுக்காகச் செய்துகொண்ட சின்னச் சின்னக் கருவிகள், நிரல்கள், அட்டவணைகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நாள் ஒதுக்குங்கள். அனுப்பப்பட்டவர்கள் செய்து வைத்துவிட்டுப் போனவற்றையும் அதில் சேருங்கள். அவற்றில் ஏதாவது தேறினால், செய்தவரை முதலில் கூப்பிடுங்கள்.